சாரோட கணக்கு, என்னோட நம்பர்

சத்தமாச் சொல்லாதீங்க டீச்சர். மடியில பரீட்சைப் பேப்பர் கட்டு வச்சிருக்கீங்க, அதான் டீச்சர்னு கூப்பிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப பஸ்ஸுல உக்காந்துக்கிட்டு போன்ல யாருக்கோ நம்பர் சொன்னீங்களே, ஆறு இலக்கம், எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பாத்தாரு. தம்பிக்கா? கேஸ் சிலிண்டர் பதியறதுக்கா? தம்பின்னா சரி. இருந்தாலும் ஓடிபியை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. அந்த மெசேஜ்லயே போட்டிருக்கும் பாருங்க, யாரிடமும் பகிர வேண்டாம்னு.

சிரிக்கறீங்களா? இல்ல, நானும் சிரிக்கத்தான் வேணும். மூணு வருஷமா அதை வாய்விட்டுச் சொல்றதே வேலையா இருந்தவ நான்.

என் பேரு இந்திராணி. மலைக்குக் கீழ யுனிவர்சிட்டியில, தேர்வுத்துறையில டைப் அடிக்கற வேலை. பதினாலு வருஷம். ஆனா தொகுப்பூதியம். பர்மனென்ட் இல்ல. வருஷா வருஷம் ஜூன் மாசம் ஒரு பேப்பர் குடுப்பாங்க, இன்னும் பதினோரு மாசத்துக்கு நீ வரலாம்னு. பன்னெண்டாவது மாசம் நான் யாருன்னு யாரும் கேக்க மாட்டாங்க, நானும் சொல்ல மாட்டேன், போய் உக்காந்து டைப் அடிப்பேன். அப்படிப் பதினாலு வருஷம்.

எங்க கண்ட்ரோலர் சார் பேரு சிதம்பரநாதன். பரீட்சை நடத்தறது, மார்க் போடறது, ரிசல்ட் விடறது எல்லாத்துக்கும் அவருதான் தலை. நல்ல மனுஷன், கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். யாரையும் அதட்டினதில்ல. ஆனா நேருக்கு நேரா பாத்துப் பேச மாட்டாரு, பேப்பரைப் பாத்துத்தான் பேசுவாரு. அது அவர் பழக்கம்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. யுனிவர்சிட்டி வெப்சைட்டுல கணக்கு வச்சிருக்கற அதிகாரிங்க எல்லாரும் அன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள 'இரு காரணி அங்கீகாரம்' செய்யணும்னு. ரெண்டு தடவை வாசிச்சேன், ஒண்ணும் புரியல. கம்ப்யூட்டர் சென்டருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். வீட்டுக் கதவுக்கு ரெண்டு பூட்டு போடற மாதிரிம்மா, ஒரு சாவி பாஸ்வேர்டு, இன்னொரு சாவி போனுக்கு வர்ற நம்பர், ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கணும், அவ்வளவுதான்னாங்க. போய் சார்கிட்ட சொன்னேன். உங்க மொபைல் நம்பரைப் போடணும் சார்னேன்.

"என் நம்பரா? அதைப் போட்டா மீட்டிங்ல இருக்கும்போது டிங் டிங்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். உன் நம்பரைப் போடு."

"உங்க கணக்கு சார்."

"நீதான அதுல வேலை பாக்கற?"

அதுவும் உண்மைதான. அந்தக் கணக்கைத் திறக்கறது நான், மார்க் பட்டியல் ஏத்தறது நான், மூடறது நான். சார் பாத்து சரின்னு சொல்லுவாரு. அதனால என் நம்பரைப் போட்டேன். ஒரு கேள்வி கேட்டுச்சு, இது உங்கள் சொந்தக் கைபேசி எண்தானான்னு. ஆமான்னு டிக் பண்ணேன். பொய் இல்லையே டீச்சர், என் சொந்த நம்பர்தான.

பாஸ்வேர்டும் புதுசா வைக்கச் சொல்லிச்சு. பெரிய எழுத்து ஒண்ணு வேணும், குறி ஒண்ணு வேணும், எண் ஒண்ணு வேணும். சார் கையை ஆட்டிட்டாரு, நீயே எதையாவது வைன்னு. சார் மகள் பேரையும் அந்தப் பொண்ணு பொறந்த வருஷத்தையும் சேத்து வச்சேன். மறக்காம இருக்கும்னுதான். அவரு அன்னிக்கே மறந்துட்டாரு.

இப்படித்தான் ஆரம்பிச்சுது. அஞ்சு நிமிஷ வேலை.

அதுக்கப்புறம் சார் அவர் வீட்டுல இருந்து திறப்பாரு, மெட்ராஸ் போனா அங்கிருந்து திறப்பாரு. பாஸ்வேர்டை நான் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்திருந்தேன், அதைப் பாத்து அடிப்பாரு. அடிச்சதும் நம்பர் என் போனுக்கு வரும். அஞ்சு நிமிஷந்தான் அதுக்கு உயிரு. அதுக்குள்ள சொல்லலேன்னா செத்துப்போயிரும், மறுபடி முதல்ல இருந்து. அதனால சார் என்னைக் கூப்பிடும்போது நல்லாருக்கியான்னெல்லாம் கேக்க நேரம் இருக்காது. போனை எடுத்ததும், "ம், சொல்லு" அப்படிம்பாரு. நான் சொல்லுவேன். வச்சிருவாரு. தீபாவளி அன்னிக்கும் "ம், சொல்லு"தான்.

குளிக்கப் போனா போனை பாலித்தீன் கவர்ல கட்டி எடுத்துட்டுப் போவேன். கோயில்ல போனை வெளிய வைக்கச் சொன்னா நானும் வெளியவே நின்னுக்குவேன், எங்க வீட்டுக்காரரு மட்டும் உள்ள போய் திருநீறு கொண்டாருவாரு. ஒருதடவை கடைவாய்ப்பல் பிடுங்கப் போயிருந்தேன். ஊசி போட்டு வாய் மரத்துப்போய் பஞ்சைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், சார் போன். "ம், சொல்லு." எனக்கு வாயில இருந்து கொழகொழன்னு சத்தந்தான் வருது. பல் டாக்டர்கிட்ட இருந்த நர்சம்மா போனை வாங்கி நம்பரை வாசிச்சுது. முடிச்சுட்டு, இவ்வளவு முக்கியமா நீங்கன்னு கேட்டுச்சு.

எங்க வீட்டுக்காரருக்குக் கோபம். தையக்கடை வச்சிருக்காரு. எதையும் மனசுல வச்சுக்க மாட்டாரு. நீ எனக்கு வாக்கப்படல, அந்தப் போனுக்குத்தான் வாக்கப்பட்டிருக்கன்னாரு. அவருக்குத் தெரியாது. ரிசல்ட் நாள் அன்னிக்கு வி.சி. ரூம்ல எல்லாரும் கூடி உக்காந்திருப்பாங்க, பத்திரிகைக்காரங்க வந்திருப்பாங்க, அவ்வளவு பேரும் எதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க? நான் வாயைத் திறக்கணும்னு. ஒன்றரை லட்சம் புள்ளைங்க, டீச்சர். நான் ஆறு இலக்கம் சொன்னாத்தான் அவங்க பாஸா பெயிலான்னு தெரியும். வி.சி.க்கு என் பேரு தெரியாதுதான். ஆனா "அந்தம்மா வந்தாச்சா"ன்னு ஒரு தடவை கேட்டிருக்காரு. என் காதால கேட்டேன்.

என்ன கேட்டீங்க? நானே மாத்தியிருக்கலாமேன்னா? பாஸ்வேர்டும் என்கிட்ட, போனும் என்கிட்ட, உள்ள போய் சார் நம்பரைப் போட்டுட்டு வந்திருக்கலாமேன்னா? அதெப்படி டீச்சர், அது சாரோட கணக்கு.

இருங்க, இனிமேதான் விஷயமே.

இந்த வருஷம் ஒரு அறிவிப்பு வந்துச்சு. பத்து வருஷத்துக்கு மேல தொகுப்பூதியத்துல இருக்கறவங்களைப் பர்மனென்ட் பண்ணப் போறாங்க, விண்ணப்பம் போடுங்கன்னு. நாங்க இருபத்து மூணு பேர். அன்னிக்கு எங்க செக்ஷன்ல யாரும் டைப் அடிக்கல. என் பக்கத்து சீட்டு மும்தாஜ் அழுதுட்டா. எனக்கு அழுகை வரல, பசிச்சுது. கேன்டீனுக்குப் போய் ரெண்டு வடை சாப்பிட்டேன்.

விண்ணப்பம் யுனிவர்சிட்டி வெப்சைட்டுலயேதான். அவங்கவங்க பேருல புதுசா கணக்குத் திறந்து, ஆதார்ல இருக்கற மொபைல் நம்பரைக் குடுக்கணும். மும்தாஜ் பத்து நிமிஷத்துல முடிச்சுட்டா. நான் என் நம்பரை அடிச்சேன். சிவப்பு எழுத்துல வந்துச்சு: 'இந்த எண் வேறொரு கணக்கில் ஏற்கெனவே பதிவாகியுள்ளது.'

தப்பா அடிச்சுட்டோம்னு மறுபடி அடிச்சேன். மறுபடியும் அதே சிவப்பு எழுத்து. மூணாவது தடவை அடிக்கும்போது மும்தாஜ் என் கையைப் பிடிச்சா.

"அக்கா, அது சாரோட கணக்குல இருக்குக்கா."

ஒரு நம்பருக்கு ஒரு கணக்குத்தானாம். என் நம்பருக்குச் சொந்தக்காரர் சிதம்பரநாதன் சார்னு அந்தக் கம்ப்யூட்டர் நினைச்சுக்கிட்டு இருக்கு. வீட்டுக்காரர் நம்பரைப் போட்டா ஆதாரோட ஒத்துவரலைங்குது. ஆதார்ல வேற நம்பர் மாத்திக்கலாம், ஆனா அதுக்குப் பத்து நாளுக்கு மேல ஆகும்னாங்க. கடைசித் தேதிக்குப் பதினஞ்சு நாள் இருந்துச்சு. அன்னிக்கே போயிருந்தா முடிஞ்சிருக்கும். ஆனா நான் முதல்ல சார்கிட்ட கேட்டேன். கேக்காம எப்படி?

"என் நம்பரை எடுத்துட்டு உங்க நம்பரைப் போட்டுடலாமா சார்? பர்மனென்ட்டுக்கு அப்ளை பண்ணணும்."

பேப்பரைப் பாத்துக்கிட்டே, "பண்ணிரலாம். ரெண்டு நாள் பொறு. இப்ப மறுமதிப்பீடு வேலை நடக்குதுல்ல, நடுவுல கையை வச்சா குழப்பம்"னாரு.

ரெண்டு நாள் ஆச்சு. மறுபடி கேட்டேன். திங்கக்கிழமைன்னாரு. திங்கக்கிழமை கேட்டேன், மீட்டிங்கு. மூணு தடவை கேட்டேன் டீச்சர். நாலாவது தடவை கேக்க வெக்கமா இருந்துச்சு. என்னவோ அவர் சொத்தை எழுதி வாங்கற மாதிரி.

கடைசி வாரத்துல புதன்கிழமை, சார் என்னை ரூமுக்குக் கூப்பிட்டாரு. கதவைச் சாத்தச் சொன்னாரு. உக்காருன்னாரு. பதினாலு வருஷத்துல அந்த ரூம்ல நான் உக்காந்ததில்ல. நாற்காலி நுனியில உக்காந்தேன்.

விஷயம் என்னன்னா, யாரோ ஒரு மொட்டைக் கடுதாசி போட்டிருக்காங்க. ஏதோ ஒரு காலேஜுல பதினோரு பசங்களுக்கு மறுமதிப்பீட்டுல மார்க் மாறியிருக்கு. பேப்பரை எடுத்துப் பாத்தா பழைய மார்க்குத்தான் இருக்கு. கம்ப்யூட்டர்ல மட்டும் கூடியிருக்கு. சாரோட கணக்குல இருந்து மாத்தியிருக்காங்க. பதினோரு தடவை, ஒரே வாரத்துல, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல. பதினோரு தடவையும் ஓடிபி போயிருக்கறது என் நம்பருக்கு.

சார் தண்ணி கிளாஸை என் பக்கம் நகத்தி வச்சாரு.

"ஒண்ணும் பயப்படாத. உன் நம்பர் ஏன் இதுல இருக்குன்னு ஒரு விளக்கம் குடுத்துட்டா முடிஞ்சுது. நான் எழுதி வச்சிருக்கேன், டைப் அடிச்சுக் கையெழுத்துப் போடு. அதைக் குடுத்துட்டா இன்னிக்கே உன் நம்பரை எடுத்துடலாம். நீயும் அப்ளை பண்ணிக்கலாம்."

அவர் கைப்பட எழுதின தாளை வாங்கிட்டு வந்து என் சீட்டுல உக்காந்து அடிச்சேன். 'என் சொந்த விருப்பத்தின் பேரில், எவருடைய அறிவுறுத்தலும் இன்றி, அலுவலருக்குத் தெரியாமல் என் கைபேசி எண்ணை இணைத்துவிட்டேன் எனத் தெரிவித்துக்கொள்கிறேன்.' அறிவுறுத்தல்ங்கறதுல அவரு சின்ன ரு போட்டிருந்தாரு. நான் பெரிய று போட்டுத் திருத்தினேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு நினைக்கறீங்களா? டைப் அடிச்சதே நான்தான டீச்சர். ஒவ்வொரு எழுத்தும் தெரியும். அது என்ன கடுதாசின்னும் தெரியும். ஆனா வெள்ளிக்கிழமை அஞ்சு மணி கடைசின்னும் தெரியும். ரெண்டையும் தராசுல வச்சுப் பாருங்க. ஒரு பக்கம் ஒரு தாளு. இந்தப் பக்கம் என் பதினாலு வருஷம். போட்டேன் கையெழுத்து.

அந்தச் சாயங்காலங்கள் ஞாபகம் இருக்கான்னா? இருக்கு. நல்லா ஞாபகம் இருக்கு. ஏன்னா அந்த வாரம் மட்டும் சார் குரல்ல அவசரம் இல்ல. "ம், சொல்லு"ன்னு நிதானமாச் சொல்லுவாரு. பின்னால யாரோ டீ குடிக்கற சத்தம், ஒரு சிரிப்பு. சார் இன்னிக்கு நல்ல மனநிலையில இருக்காருன்னு நினைச்சுக்கிட்டேன். எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு. யாரு மார்க்கை மாத்தினாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் நம்பரைத்தான சொன்னேன்.

புதன்கிழமை சாயங்காலம் நம்பரை எடுத்துடலாமா சார்னு போய் நின்னேன். நாளைக்குன்னாரு. வியாழக்கிழமை காலையில சொல்றாரு, விசாரணை முடியறவரைக்கும் அந்தக் கணக்குல யாரும் எதையும் மாத்தக்கூடாதுன்னு வி.சி. உத்தரவு, நான் என்ன பண்ணட்டும்னு. நிஜமாவே உத்தரவு போட்டிருந்தாங்க. அந்த உத்தரவையும் நான்தான் டைப் அடிச்சேன்.

வெள்ளிக்கிழமை. நாலு இருபதுக்கு எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டாங்க. நானும் மும்தாஜும் மட்டும். நான் சாரோட கணக்கைத் திறந்தேன். தினமும் திறக்கறதுதான். நம்பர் வந்துச்சு, போட்டேன். உள்ள போய் அமைப்புகள்ங்கற பக்கத்துக்குப் போனேன். அங்க என் நம்பர் இருக்கு, கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும், மத்ததெல்லாம் நட்சத்திரம். பக்கத்துல 'எண்ணை மாற்று'ன்னு நீலத்துல ஒரு பொத்தான்.

மும்தாஜ் பின்னால நின்னு என் தோளை அழுத்தறா. "அமுக்குக்கா. சார் நம்பர் உனக்குத் தெரியும்ல. போட்டுட்டு வெளிய வா. அடுத்த நிமிஷம் உன் விண்ணப்பத்தைப் போட்டுடலாம். நாப்பது நிமிஷம் இருக்கு."

"உத்தரவு இருக்குடி."

"உத்தரவு உன்னையா காப்பாத்தப் போகுது? அமுக்குக்கா!"

விரலை வச்சுக்கிட்டே இருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல. ஃபேன் சுத்துது, ஒரு பேப்பர் பறந்து கீழ விழுந்துச்சு, அதை எடுத்து வச்சேன். திரும்பி வந்து உக்காந்தேன். கணக்கை மூடிட்டேன். மும்தாஜ் அவ சீட்டுக்குப் போயிட்டா.

அப்புறம் என் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டு, என் நம்பரை அடிச்சுக்கிட்டே இருந்தேன். சிவப்பு எழுத்து. அழிப்பேன். மறுபடி அடிப்பேன். சிவப்பு எழுத்து. சரியா அஞ்சு மணிக்கு அந்தப் பெட்டியே காணாமப் போயிருச்சு. 'காலக்கெடு முடிந்தது.' இருபத்து ரெண்டு பேர் போட்டுட்டாங்க.

வீட்டுக்கு நடந்தே போனேன். பஸ் நினைப்பு வரல.

திங்கக்கிழமை விசாரணை. மூணு பேர் கமிட்டி. சட்டத்துறையில இருந்து ஃப்ளோரன்ஸ் மேடம்தான் தலைமை. வாசல்ல அட்டெண்டர் ஒரு பிளாஸ்டிக் தட்டு வச்சிருக்காரு, எல்லாரும் போனை அதுல போட்டுட்டு உள்ள போகணும். என் போனைக் குடுத்தப்ப ஒரு பக்கம் சாஞ்சு நடக்கற மாதிரி இருந்துச்சு எனக்கு.

உள்ள சார் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். கடுதாசியை மேடம் வாசிச்சாங்க. "இது நீங்களா எழுதினதா?"ன்னாங்க.

சார் முன்னமே சொல்லியிருந்தாரு, எது கேட்டாலும் ஆமான்னு மட்டும் சொல்லுன்னு. "ஆமாங்க மேடம்"னேன்.

"உங்களுக்குத் தெரியாமயே இவங்க நம்பர் உங்க கணக்குல இருந்திருக்கு, இல்லையா சார்?"

"எனக்கு இந்த டெக்னாலஜியெல்லாம் தெரியாதுங்க மேடம். என்ன பண்ணி வச்சிருக்காங்கன்னே எனக்குத் தெரியல"ன்னாரு சார். எனக்கு அவரைப் பாக்கப் பாவமா இருந்துச்சு. சட்டைக் காலர் எல்லாம் வேர்வை.

"சரி, அந்தக் கணக்கைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க, நாங்க பாக்கணும்"னாங்க.

மேஜை மேல கம்ப்யூட்டர் இருந்துச்சு. சார் பாக்கெட்ல இருந்து சீட்டை எடுத்துப் பாஸ்வேர்டை அடிச்சாரு. நான் எழுதிக் குடுத்த அதே சீட்டு, மடிப்புல கிழிஞ்சிருந்துச்சு. அடிச்சதும் திரையில ஆறு கட்டம் வந்துச்சு. சார் கையை விசைப்பலகையில வச்சுக்கிட்டு, என் பக்கம் லேசாத் தலையைச் சாய்ச்சு, "ம், சொல்லு"ன்னாரு.

அவர் யோசிச்சுச் சொல்லல டீச்சர். வாய்ல வந்துருச்சு.

நானும் யோசிக்கல. "போன் வெளிய தட்டுல இருக்கு சார்"னேன்.

மேடம் பேனாவைக் கீழ வச்சாங்க. மெதுவாத்தான் கேட்டாங்க. "என்ன சொல்லணும் சார் அவங்க?"

சார் திரையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. கட்டம் ஆறும் காலியா இருக்கு.

அட்டெண்டர்கிட்ட இருந்து என் போனைக் கொண்டாரச் சொன்னாங்க. என்னையே திறக்கச் சொல்லி, அந்த வாரத்துப் பதினோரு தடவையையும் ஒவ்வொண்ணாப் பாத்தாங்க. ஒவ்வொரு மெசேஜுக்கும் அடுத்த நிமிஷம் சார்கிட்ட இருந்து ஒரு போன். ஒண்ணு விடாம இருக்கு. நான் எதையும் அழிக்கற பழக்கம் இல்ல.

மேடம் அந்தக் கடுதாசியை மறுபடி என் முன்னால வச்சாங்க. "இந்திராணி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதை எழுதினது யாரு?"

சொல்லுங்கன்னாங்க டீச்சர். கவனிச்சீங்களா, சொல்லு இல்ல. சாரைப் பாத்தேன். அன்னிக்குத்தான் அவரு என் முகத்தைப் பாத்தாரு, முதல் தடவையா. நான் சொன்னேன், "டைப் அடிச்சது நான். எழுதினது சார்."

அவ்வளவுதான் சொன்னேன். அதுக்கு மேல என்னால சொல்ல முடியல. வெளிய வந்து பெஞ்சுல உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல சாரும் வந்து அதே பெஞ்சுல உக்காந்தாரு. வேற பெஞ்சு இல்ல. தண்ணி வேணுமா சார்னு கேட்டேன். வேண்டாம்னு தலையாட்டினாரு.

சார் இப்ப சஸ்பெண்டு. எனக்கு சஸ்பெண்டு கிடையாது, சஸ்பெண்டு பண்ண பர்மனென்ட்டா இருக்கணுமாம். விசாரணை முடியறவரைக்கும் வேலைக்கு வர வேண்டாம்னு ஒரு தாளு குடுத்தாங்க. ஜூன் மாசப் பேப்பர் எனக்கு இந்தத் தடவை வரல.

அப்ப நம்பரையாவது எடுத்து விடுவாங்கன்னுதான நினைக்கறீங்க? நானும் அதைத்தான் கேட்டேன். மேடம் வருத்தப்பட்டுத்தான் சொன்னாங்க. "அதை இப்ப எடுக்க முடியாதும்மா. உங்க நம்பர்தான் சாட்சியமே. கணக்கு அப்படியே இருக்கணும். நம்பரை மாத்தக்கூடாது, போனை மாத்தக்கூடாது, ஆஃப் பண்ணக்கூடாது. டவர் கிடைக்கற இடத்துலயே இருங்க. கமிட்டி அந்தக் கணக்கைத் திறக்கும்போதெல்லாம் உங்ககிட்டத்தான் கேப்போம்."

எத்தனை நாளைக்கு மேடம்னு கேட்டேன். மூணு மாசமும் ஆகலாம், ஆறு மாசமும் ஆகலாம்னாங்க. அதையும் எழுத்துல குடுத்தாங்க, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன். ஆனா மேடம் தங்கமானவங்க. போன் பண்ணா முதல்ல சாப்பிட்டீங்களாம்மான்னு கேப்பாங்க. அப்புறம்தான் நம்பர் கேப்பாங்க. ஒருநாளைக்கு ரெண்டு தடவையாவது வரும். எங்க வீட்டுக்காரரு இப்ப ஒண்ணும் சொல்றதில்ல. போன் அடிச்சா தையல் மிஷினை நிறுத்திருவாரு, எனக்குக் காது கேக்கணும்னு.

நீங்க மேல்பாறை எஸ்டேட் ஸ்கூலா? அப்ப என் தங்கச்சியைத் தெரிஞ்சிருக்கும் உங்களுக்கு. வள்ளியம்மை. அவ வீட்டுக்காரரு எஸ்டேட் ஃபேக்டரியில இருக்காரு. ஆமா, அவதான். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழிச்சுப் பொண்ணு பொறந்திருக்கு. நாப்பத்தஞ்சு நாள் ஆச்சு, நான் இன்னும் பாக்கல. வளைகாப்புக்கும் போகல, மேல டவரே கிடையாதுல்ல, சார் நகரக்கூடாதுன்னுட்டாரு. அவ கோவிச்சுக்கிட்டு ஒரு மாசம் பேசல. இப்ப சார் இல்லையே, போய் ஒரு வாரம் இருந்துட்டு வரலாம்னு மேடத்துகிட்டக் கேட்டேன். டவர் இல்லாத இடத்துக்கு வேண்டாம்மா, கமிட்டி இந்த வாரம் தினமும் உக்காருதுன்னாங்க.

வள்ளிதான் யோசனை சொன்னா. செக்போஸ்ட் வரைக்கும் டவர் இருக்குக்கா, நீ அதுவரைக்கும் வா, நாங்க ஜீப்புல புள்ளையைத் தூக்கிட்டு இறங்கி வரோம்னு. ஒரு மணி நேரம் இருந்துட்டு நீ அப்படியே திரும்பிடலாம், நாங்களும் மேல போயிருவோம்னா. அதுக்குத்தான் வரேன். இந்தப் பையில என்னன்னா, அவரு தைச்ச சட்டை. பதினாறு சட்டை. அளவு தெரியாம ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவுல தைச்சிருக்காரு.

செக்போஸ்ட் வந்துருச்சா? எங்க? ஆமா, அதோ! அந்தப் பச்சை ஜீப்புதான். டீக்கடைக்கிட்ட நிக்கறா பாருங்க, மஞ்சச் சேலை. கையில... ஐயோ, சின்னதா இருக்கு டீச்சர்.

அந்தப் பையை எடுத்துக் குடுங்க. கண்டக்டர் தம்பி, இங்க நிறுத்துங்க. இல்ல தம்பி, டீக்கடைக்கிட்ட வேண்டாம், தெரியும், அவங்க அங்கதான் நிக்கறாங்க. அங்க போனா போன்ல டவர் ஒண்ணுமே காட்டாது. இப்பவே ஒரு கோடுதான் இருக்கு. இங்கயே நிறுத்துங்க.

வள்ளி! ஏ வள்ளி! இங்க வாடி, என்னால அங்க வர முடியாது! புள்ளையைத் தூக்கிக்கிட்டுக் கொஞ்சம் இறங்கி வா!